வெளிக்கிடுதலும் திரும்புதலும்: காங்கேசன்துறையில் பார்த்த சில படங்கள்

பார்த்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். இவை முறையான திரைப்பட விமர்சனங்கள் அல்ல. சட்டகம், கோணம், ஒளியமைப்பு என்று எழுதுவதற்கான பயிற்சி எனக்கில்லை. அதற்குரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேலை நிமித்தம் சில மாதங்களாகக் காங்கேசன்துறையில் தங்கியிருக்கிறேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு இங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்பகுதியில் வீட்டுக்காரர் இருக்கிறார். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், எழுபத்தொன்பது வயது. நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என்னுடைய மடிக்கணினியை அவருடைய தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வாரத்துக்கு ஒன்றிரண்டு படங்கள் பார்த்தோம். எல்லாமே நமது யுத்தத்தோடும் இடப்பெயர்வோடும் ஏதோ ஒரு வகையில் தொடர்புபட்டவை. அப்படித் தெரிந்தெடுத்தவன் நான்தான். ஐயாவிடம் விட்டிருந்தால் எம்.ஜி.ஆர். படமாகவே பார்த்திருப்போம்.

இத்தகைய படங்களை இந்த ஊரிலிருந்து பார்ப்பதில் ஒரு விசேடம் உண்டு. 1990 ஜூனில் ஊர் வெறுமையாகி, பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாகி, இரண்டு தசாப்தங்களுக்கு மேல் சொந்தக்காரர்களின் கண்ணில் படாமல் கிடந்தது. 1950 முதல் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை அந்த ஆண்டோடு நின்றது. புகையிரதமும் நின்றது, மீண்டும் காங்கேசன்துறை வரை வந்தது 2015 ஜனவரியில்தான். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது. காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. ஒரு பகுதி இன்னும் வேலிக்கு அப்பால் இருக்கிறது. வெளியேறுவதும் திரும்புவதும் இங்கே கதையல்ல, பிரதேச செயலகத்தில் இருக்கும் கோவை. எனவே திரையில் ஒருவன் மூட்டையைத் தூக்கியதும் இங்குள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. உறுதியை எடுத்தானா? கிணற்றை மூடினானா?

முதலில் பார்த்தது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே மாதம் வெளிவந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளம் நெறியாளரின் முதற்படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் தர்மதாஸ், மனைவி வசந்தி, இரண்டு பையன்கள் என ஒரு குடும்பம் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கிச் சென்னைக்குப் போய்ச் சேர்கிறது. 2022இல் தனுஷ்கோடிப் பக்கம் அவ்வாறு போய் இறங்கிய குடும்பங்கள் நமக்குத் தெரியும். ஆகவே கதை ஆகாயத்திலிருந்து குதித்தது அல்ல. சிரிக்க வைக்கிறது. ஐயா கடைக்குட்டிப் பையனை வெகுவாக ரசித்தார். சிம்ரனின் பேச்சைப் பற்றி மட்டும், "உது எங்கட கதையில்லைத் தம்பி. எண்டாலும் கஷ்டப்பட்டுப் பழகியிருக்கிறா, பிழை சொல்லேலாது" என்றார்.

அந்தப் படத்தில் என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. சென்னையில் இறங்கியதும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் முதற் புத்திமதி, வெளியே உங்கள் தமிழைக் கதைக்காதீர்கள் என்பதுதான். கேரளாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் தமிழ் பேசினால் பிடிபடும் தமிழர்கள்! இதை நகைச்சுவையாக வைத்திருக்கிறார்கள், நகைச்சுவைதான். ஆனால் 1991இல் புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தபோது என் வாயிலிருந்து 'ஓம்' என்று வந்ததும் வகுப்பே சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. 'அகதி' என்ற பட்டத்தை வாங்கித் தந்தது உடுப்பல்ல, யாழ்ப்பாணக் கதை. இரண்டு வருடங்கள் வீட்டுக்குள் ஒரு தமிழும் வெளியே ஒரு தமிழுமாக இருந்தேன். இந்தச் சிறிய விடயத்தைப் படம் பிடித்திருக்கிறது என்பதற்காகவே அதன் மிகைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மிகைகள் இருக்கின்றன. அந்தக் குடும்பம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, தெருவிலேயே மிக நல்லதாக இருக்கவேண்டியிருக்கிறது. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காத அயலவர்களை அவர்கள் சேர்த்துவைக்க வேண்டும், தனித்துப்போனவர்களுக்குத் துணையாக வேண்டும்; அதன்பிறகே அவர்கள் அங்கு இருப்பதற்கு அருகதையுள்ளவர்களாகிறார்கள். பத்து வருடங்களுக்கு முன்னர் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்' இதன் மறுபக்கம். அதிலும் குடும்பம் பொய்தான்: இறந்தவர்களின் கடவுச்சீட்டில் மூன்று அந்நியர்கள் பிரான்சுக்குப் போகிறார்கள். ஷோபாசக்தியின் முகத்துக்காக அந்தப் படத்தை எத்தனை தரமும் பார்க்கலாம். ஆனால் கடைசியில் அவர் தன்னை நிரூபிப்பது பழைய போராளியாகக் கிளர்ந்தெழுந்துதான். ஒரு படத்தில் அகதி மகானாக வேண்டும், மற்றப் படத்தில் மறுபடியும் சிப்பாயாக வேண்டும். வாடகை கட்டிக்கொண்டு, சில நேரம் எரிச்சல்பட்டு, சில நேரம் பொய் சொல்லி வாழும் ஒரு சாதாரண மனிதனாக இருக்க இருவருக்குமே அனுமதி கிடைக்கவில்லை.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தை அதிகம் பேச விரும்பவில்லை. சிறுமி நன்றாக நடித்திருக்கிறாள், பாட்டுகள் அனைவருக்கும் பாடம். மாங்குளக் காட்சி வந்ததும் ஐயா, "உது மாங்குளமோ? இவ்வளவு பச்சையோ?" என்று கேட்டார். இலங்கைக் காட்சிகளை இந்தியாவில் படமாக்கியதால் வந்த வினை. வன்னியின் வரண்ட காடு தெரியாத ஒருவருக்கு அது பெரிய குறையாக இருக்காது. தெரிந்தவருக்கு அதன்பிறகு அழுகை வராது.

யூட் ரட்ணத்தின் 'டெமன்ஸ் இன் பரடைஸ்' (2017) ஆவணப்படம். 1983 கலவரத்தில் ஐந்து வயதில் கொழும்பிலிருந்து வடக்கே புகையிரதத்தில் தப்பி வந்த ஒருவர், பெரியவனாகி அந்தத் தண்டவாளத்தின் மீது திரும்பி நடக்கிறார். தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள்ளேயே நடத்திய கொலைகளைப் பற்றிப் பழைய இயக்கக்காரர்களைக் கதைக்க வைக்கிறார். கனடாவிலிருந்து வந்து போகும் மாமன் பாத்திரம் (பாத்திரமல்ல, உண்மையான மாமன்) இந்தப் படத்தின் பலம். தன்னை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களவர்களைத் தேடிப் போகும்போது அவருடைய முகத்தில் வருவதை எந்த நடிகரிடமும் வாங்க முடியாது.

ஐயாவுக்குப் படத்தில் வந்த புகையிரதம்தான் பெரிதாகப் பட்டது. 'யாழ்தேவி' வந்து நிற்கும் கடைசி நிலையம் அவருடைய ஊர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது காதில் விழுந்த சத்தத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்காகக் கழற்றிக்கொண்டு போனதைப் பற்றியும் சொன்னார். பிறகு படத்தின் மையத்தில் இருக்கும் அந்தச் சங்கதியைப் பற்றி, "உதெல்லாம் நடந்ததுதான், ஆனா ஏன் இப்ப?" என்றார். இந்த 'ஏன் இப்ப' ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல. 2018 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் காட்டப்பட இருந்து, எதிர்ப்புக் காரணமாக விலக்கிக்கொள்ளப்பட்டது. படத்தில் எனக்கும் உடன்படாத இடங்கள் உண்டு. அரசின் வன்முறை ஒரு பின்னணியாக ஒதுங்கிப் போய்விடுகிறது. 1983இன் நெருப்பில் தொடங்கியதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நெறியாளர் நினைத்தாரோ தெரியாது. ஆயினும் உடன்படாமல் இருப்பதற்கும் முதலில் படத்தைப் பார்க்க வேண்டுமே.

அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) பற்றிச் சற்று நின்று எழுத வேண்டும். யாழ்ப்பாணத்திலே எடுக்கப்பட்ட தமிழ்ப்படம், நெறியாளர் சிங்களவர். புனர்வாழ்வு முடிந்து ஊருக்குத் திரும்பும் ஒரு முன்னாள் போராளிக்குப் படம் முழுவதும் பெயரே இல்லை. ஊர் அவனை மாலையோடு வரவேற்கவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களில் ஒருவன், பிள்ளைகள் வரவில்லை, இவன் மட்டும் வந்திருக்கிறான் என்று பார்க்கிறது. அவன் நேசித்த பெண் ஆட்சேர்ப்புக்குத் தப்புவதற்காக வயதான ஒருவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டு, இப்போது கணவனை இழந்து பிள்ளையோடு இருக்கிறாள். அவனுக்கு நகைக்கடையில் காவலாளி வேலை கிடைக்கிறது. அந்த வேலையை அவனுக்காக இழந்த ஒருவனின் மனைவி அவன்முன் வந்து நிற்கிறாள்.

இந்தக் கடைசி விடயம்தான் ஹந்தகமவை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. திரும்பி வருபவன் வெற்றிடத்துக்கு வருவதில்லை. அவன் இல்லாத காலத்தில் அவனுடைய இடத்தில் இன்னொருவர் இருக்கப் பழகிவிட்டார். அவன் உட்கார வேண்டுமானால் அவர் எழும்ப வேண்டும். காணி, வேலை, பெண், கோயிலில் நிற்கும் இடம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள்: வந்த நாளில் கட்டிப்பிடித்து அழுதவர்களே மறுவாரம் காணி எல்லையைப் பற்றிக் கதைத்தார்கள் என்று. இரண்டும் உண்மையானவை, அழுகையும் எல்லையும்.

படத்தின் பிற்பாதி கடத்தல், துப்பாக்கி என்று பழக்கப்பட்ட பாதையில் இறங்குவது துரதிர்ஷ்டம். இந்த மனிதனை வைத்து இவ்வளவு பொறுமையாகக் கட்டியதை இரண்டு வாகனங்கள் இருளில் ஓடுவதற்காகச் செலவழித்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது. ஆனால் தர்ஷன் தர்மராஜ். கதைக்காமல் நிற்கும்போது அந்த உடம்பே ஒரு வாக்குமூலம். சிங்களத் திரையுலகம் அவரைப் பெரிதும் முரட்டுப் பாத்திரங்களுக்கே பயன்படுத்தியது. 2022 ஒக்டோபரில், இளம் வயதிலேயே காலமானார். அவருக்கென்று இன்னும் இரண்டு மூன்று தமிழ்ப் படங்களாவது இருந்திருக்க வேண்டும்.

இறுதியாகப் பார்த்தது பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003). நான் ஏற்கனவே இருமுறை பார்த்தது. ஐயாவோடு பார்க்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே பல நாட்களைக் கடத்தினேன். மூன்று கதைகள் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன. காணாமற்போன விமானப்படை வீரனைத் தேடும் மனைவி ஒன்று. விடுமுறையில் வந்து, தன் தங்கையை அனுராதபுரத்து விலைமாதர் விடுதியில் காணும் சிப்பாய் இன்னொன்று. மூன்றாவது அரபாத் என்ற முஸ்லிம் சிறுவனும் அவனுடைய நாயும். புலிகளின் கட்டளைக்குப் பணிந்து ஊரே வெளியேறுகிறது. பையனுக்கு நாயை விட்டுவர மனமில்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தவர்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். நான் பார்த்த கதைப்படங்களில் இந்தச் சம்பவத்தின் நேரே கமராவை வைத்தது 'இர மதியம' மட்டுமே. அதற்காகவே விதானகேக்கு நாம் கடன்பட்டவர்கள். நம்மவர்களில் சிலர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, முஸ்லிம் வீட்டில் நாய் எப்படி என்று. கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்குள் வளர்க்காததைத் திரையில் கண்டால் அந்நியமாகத்தான் படும். ஆனால் கரையோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கடற்கரை நாய் யாருடையதுமல்ல, மீன் தலையைப் போடுகிற பையனுடையது. அதைவிட நாய் அங்கே ஒரு விலங்காக மட்டும் நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் பெரியவர்கள் உறுதியையும் நகையையும் நினைக்கும்போது பிள்ளை எதை நினைக்கும் என்பதற்கு நெறியாளர் கண்டுகொண்ட விடை அது. எங்கள் வீட்டில் நாய் இல்லை. இரண்டு ஆடுகள் நின்றன. வாப்பா கயிற்றை அறுத்துவிட்டார். அவை வீட்டு வாசலைவிட்டு நகரவே இல்லை.

மற்ற இரண்டு கதைகளோடு இதனைக் கோர்த்திருப்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மூன்று துயரங்களும் ஒரே தட்டில் வைக்கப்படும்போது எல்லோரும் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்ற ஒரு பொது முடிவுக்குப் பார்வையாளர் சுலபமாகப் போய்விடலாம். தெற்கில் பலர் அப்படியே போனார்கள். சிப்பாயின் துன்பமும் துன்பம்தான். ஆனால் ஒரு சமூகத்தையே வேரோடு பிடுங்குவதென்ற தீர்மானம் யுத்தத்தின் புழுதியல்ல. அது ஓரிடத்தில் உட்கார்ந்து எடுக்கப்பட்டது.

படம் முடிந்ததும் ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "நாங்களும் ஜூன் மாதம் உப்பிடித்தான் வெளிக்கிட்டனாங்கள். மாட்டை அவிட்டு விட்டிட்டு" என்றார். அது உண்மை. ஷெல்லுக்கும் முன்னேறி வந்த இராணுவத்துக்கும் பயந்து, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதே வருடம், நான்கு மாத இடைவெளி. ஆனாலும் 'உப்பிடித்தான்' என்ற அந்தச் சொல்லை நான் விழுங்கச் சிரமப்பட்டேன். அவரைத் துரத்தியது எதிரியென்று அவர் அறிந்திருந்த ஒரு படை. எங்களைப் போகச் சொன்னவர்கள் எங்கள் மொழியிலேயே சொன்னார்கள். இதை எப்படிச் சொல்வதென்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது அவரே தொடர்ந்தார். அந்த ஒக்டோபரில் அவருடைய குடும்பம் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்ததாம். சோனகதெருப் பக்கம் சனத்தை அனுப்புகிறார்கள் என்று காலையிலேயே கேள்விப்பட்டார்களாம். "ஒண்டும் செய்யேலாமல் போச்சு தம்பி." பிறகு திருத்தினார். "செய்யேல்லை."

நான் பார்க்க விரும்பும் படம் இதற்குள் இருக்கிறது. தானே வீடிழந்து ஒரு வகுப்பறையின் சீமெந்துத் தரையில் படுத்திருக்கும் ஒருவர், இரண்டு மைல் தொலைவில் இன்னொரு சமூகம் வீடிழப்பதைக் கேள்விப்படுகிறார். பயம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, நமக்கே இப்படி என்ற நியாயமும் இருக்கிறது. அவர் கெட்டவரல்ல. சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். விதானகேயின் படத்தில் இந்த மனிதருக்கு இடமில்லை. அது அரபாத்தின் கதை, அயல்வீட்டுக்காரரின் கதையல்ல. முஸ்லிமாகிய நாம் எடுத்தாலும் அந்த வகுப்பறைக்குள் நம்மால் நம்பும்படியாக நுழைய முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. அது உள்ளே இருந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், எடுக்க வேண்டிய படம்.

இங்கேதான் ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. யாழ்ப்பாணச் சமூகம் தன்னைப் பற்றிக் கேட்க விரும்பாதவற்றைத் திரையில் சொன்னவர்களுள் சிங்கள நெறியாளர்கள் அதிகம். சீதனத்தையும் சாதியையும் வைத்து எழுபதுகளின் இறுதியில் 'பொன்மணி' எடுத்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ. திரும்பி வந்த போராளியை ஊர் எவ்வாறு பார்த்தது என்று சொன்னவர் ஹந்தகம. வெளியேற்றத்தைச் சொன்னவர் விதானகே. வெளியிலிருந்து வருபவருக்குச் சொல்வது சுலபம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அவர்களுக்கும் சுலபமாக இருந்ததில்லை. ஒரு சிங்கள முன்னாள் சிப்பாயையும் ஒரு தமிழ்ப் பெண்ணையும் ஒரே வீட்டுக்குள் வைத்து விதானகே எடுத்த 'ஒப நத்துவ ஒப எக்க' 2014இல் சென்னையில் எதிர்ப்புகளால் நிறுத்தப்பட்டது. நான்கு வருடங்கள் கழித்து யாழ்ப்பாணத்தில் யூட் ரட்ணத்துக்கு நடந்ததை மேலே சொன்னேன்; அவரோ உள்ளே இருந்து வந்தவர்.

யாழ்ப்பாணத்தில் இப்போது கமரா வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய குறும்படங்கள் சிலவற்றையும் இந்த மாதங்களில் பார்த்தேன். தொழில்நுட்பத்தில் குறையில்லை, காதல், வெளிநாட்டுக் காசு, போதை என்று கதைகளும் சமகாலத்தவை. காணாமற்போனவர்களைப் பற்றியும் எடுக்கிறார்கள். ஒக்டோபர் 30 பற்றி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பாடப்புத்தகத்திலும் வீட்டிலும் ஒருவரும் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். 'இனி அவன்' ஒரு புனைகதையாக எடுக்கப்பட முடிந்தது என்றால், கொக்குவில் வகுப்பறையும் முடியும். பெரிய செலவில்லை: ஒரு அறை, சில பாய்கள், ஒரு வானொலிப் பெட்டி, வெளியே பார்க்கும் ஒரு ஜன்னல்.

'பொன்மணி'யின் நல்ல பிரதியொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வைத்திருப்பவர்கள் அறியத்தந்தால் ஐயாவும் நானும் அடுத்ததாக அதைப் பார்ப்போம்.